பாவமில்லாதவர் முழு மனிதரா?



"தப்பு பண்ணாதவன் மனுஷனே இல்லை" என்று சொல்லி ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்வது நம்மூர் வழக்கம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் இதைச் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. இதே பேச்சைக் கிறிஸ்தவச் சபைக்குள் கொண்டுபோனால் சிக்கல் முளைக்கிறது. இயேசுவுக்குப் பசித்தது, படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கினார், லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார், கெத்செமனே தோட்டத்தில் சாவை நினைத்துக் கலங்கினார். நற்செய்தி நூல்கள் இவற்றில் ஒன்றையும் மறைக்கவில்லை. அவரே எல்லா வகையிலும் நம்மைப்போலச் சோதிக்கப்பட்டும் பாவம் செய்யாதவர் என்கிறது எபிரெயர் நிருபம். தப்பே செய்யாதவர் மனிதர்தானா? மனிதர்தான் என்றால் எந்த மாதிரி மனிதர்? சபை இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. அந்த மல்லுக்கட்டில் சிலர் பதவி இழந்தார்கள். ஒருவர் நாக்கையே இழந்தார்.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் கதை கள்ளக்குறிச்சி மாவட்டத்தாருக்குப் புதிதல்ல. போர்க்களத்தில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெங்கும் திருநீறு பூசி, சடையை முடிந்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தான். குத்துப்பட்டு விழுந்த பிறகும் அரசர் அந்தச் சிவனடியார் வேடத்தை மதித்தார். அவனைப் பத்திரமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவரச் சொன்னார். வேடம் ஒன்று, உள்ளே இருப்பவன் வேறொருவன். கதையே அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

கிறிஸ்துவைப் பற்றியும் முதல் நூற்றாண்டு முடியும் முன்பே இப்படி ஒரு பேச்சு எழுந்தது. தெய்வம் அழுக்குப்படலாமா, வியர்க்கலாமா, சாகலாமா? ஆகவே அவருடைய உடல் வெறும் தோற்றம். மனிதர்போலக் காணப்பட்டார், அவ்வளவுதான் என்றார்கள் சிலர். அதை மறுத்து எழுந்த முதல் குரல்களில் ஒன்று யோவானின் நிருபங்களில் இருக்கிறது. இயேசு உடலோடு வந்தார் என்பதை ஒப்புக்கொள்ளாத போதனையை அவை ஏற்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமில் காட்டு விலங்குகளுக்கு இரையாகப் போகும் வழியில் கடிதங்கள் எழுதிய அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் ஒரு நேரடியான கேள்வியை வைத்தார்: கிறிஸ்து பட்ட பாடு வெறும் தோற்றம் என்றால், தான் கைவிலங்கோடு போவது எதற்காக?

வேட வாதம் தோற்றது. ஆனால் அதன் நாகரிகமான வடிவம் ஒன்று நான்காம் நூற்றாண்டில் திரும்பி வந்தது. லவோதிக்கேயா ஆயர் அப்போலினாரிஸ் அறிவாளி, பக்திமான். கிறிஸ்துவின் உடல் உண்மையான உடல்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். மனித மனம் மட்டும் அவருக்கு இல்லை, அந்த இடத்தில் தெய்வ வார்த்தையே இருந்தது என்றார். காரணம் எளிது: மனித மனம் தடுமாறும், ஆசைப்படும், அப்படி ஒரு மனத்தைக் கிறிஸ்துவுக்குள் வைத்தால் பாவத்துக்குக் கதவு திறந்துவிடும். நாசியான்சு நகரத்துக் கிரகோரியார் இதற்குச் சொன்ன பதில் கிறிஸ்தவ இறையியலின் உரைகல்லாக நிலைத்துவிட்டது. கிறிஸ்து எதைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லையோ அது குணமாகாமலே நின்றுவிடும் என்றார் அவர். முதலில் தவறியது ஆதாமின் மனம். அதை விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டால், நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் மருந்து பூசியதுபோல ஆகாதா? 381இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அப்போலினாரிஸின் போதனையைத் தள்ளியது.

எழுபது ஆண்டு கழித்து, 451இல், கல்செதோன் சங்கம் முடிவான சூத்திரத்தை வகுத்தது: முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர். "பாவம் தவிர" என்ற இந்த இரண்டு சொற்களில்தான் டீக்கடைக் கேள்வி முட்டி நிற்கிறது. ஒன்றைத் தவிர்த்துவிட்டு முழுமை என்று எப்படிச் சொல்வது? பாவத்தை மனித இயல்பின் ஒரு பாகமாக நினைப்பவருக்குத்தான் இது முரண். கல்செதோன் அப்படி நினைக்கவில்லை. கண்ணும் காதும் மனமும் விருப்பமும் மனிதனுடைய பாகங்கள். பாவம் அவற்றில் வந்து ஒட்டிய கேடு. கேடு இல்லாத ஒருவர் மனிதத்தில் குறைந்தவர் ஆகமாட்டார். குறைபட்டுக் கிடப்பவர்கள் மற்றவர்கள்.

இந்த வாதத்துக்காக நாக்கை இழந்தவர் மாக்சிமுஸ் என்ற துறவி. ஏழாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசு உள்ளே பிளவுபட்டுக் கிடந்தது, வெளியே எதிரிகள். சபைகளைச் சமாதானப்படுத்த அரசவை ஒரு சமரசத்தை முன்வைத்தது: கிறிஸ்துவுக்கு இரண்டு இயல்புகள் இருக்கட்டும், விருப்பம் மட்டும் ஒன்றே, அது தெய்வ விருப்பம். மாக்சிமுஸ் கெத்செமனேயைக் காட்டினார். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டது எந்த விருப்பம்? சாவைக் கண்டு பின்வாங்குவது உயிருள்ள எதற்கும் இயல்பு, அது பாவமில்லை. அந்த மனித விருப்பம் தந்தையின் விருப்பத்துக்குத் தானே இணங்கியதில்தான் மீட்பு நடந்தது. விருப்பமே இல்லாதவர் கீழ்ப்படிந்தார் என்று சொல்வதில் பொருள் ஏது? பேரரசு அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி, இன்றைய ஜார்ஜியா நாட்டுப் பக்கம் நாடு கடத்தியது. 662இல் அங்கேயே இறந்தார். 680 முதல் 681 வரை கூடிய சங்கம் அவர் சொன்னதையே சபையின் போதனையாக ஏற்றது.

இனி கேள்வியின் மறுபக்கம். பாவம் ஒட்டிய கேடு என்றால், அது எல்லோரிடமும் எப்படி வந்தது?

மேற்குச் சபையில் இதற்கு அழுத்தமான பதில் சொன்னவர் ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீனார். ஆதாம் பட்ட கடன் பிள்ளைகள் தலையில் விழுகிறது. பிறக்கும் குழந்தையும் அந்தக் குற்றத்தின் பங்கோடுதான் பிறக்கிறது. கீழைச் சபைகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் பலவீனமும். குற்றம் அவரவர் செய்வது என்று அவை நிறுத்திக்கொண்டன. கத்தோலிக்கச் சபை மேற்கொண்டு ஒரு படி போய், மரியாளே பாவக்கறை இல்லாமல் கருவானார் என்று 1854இல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது. லூத்தரன் சபைகள் அகுஸ்தீனாரின் பிறவிப் பாவத்தை 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் எழுதிவைத்தன, மரியாளைப் பற்றிய இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை.

பிறவியோடு வரும் கடன் என்பது கல்வராயன் மலையில் ஏட்டில் படிக்கும் சங்கதியல்ல. மலையின் கிராமங்களை மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் ஆண்டன. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுடைய நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். அப்பனுக்கு இருந்த கட்டு பிள்ளைக்கும் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து, 1976இல்தான், ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன. அதே 1976இல் நாடாளுமன்றம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் கொத்தடிமையை வரையறுக்கும் பிரிவு கூர்ந்து படிக்க வேண்டியது. வாங்கிய கடனுக்காக உழைப்பதை மட்டும் அது சொல்லவில்லை. வழக்கத்தால் வந்த கட்டு, வாரிசாக வந்த கட்டு, ஒரு குறிப்பிட்ட சாதியிலோ சமூகத்திலோ பிறந்ததால் வந்த கட்டு எல்லாவற்றையும் பட்டியலிடுகிறது. பிறகு அவை அத்தனையும் செல்லாது என்கிறது.

இதை அறிந்த ஒருவர் கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்தால் அங்கே வரும் கடன் சீட்டு வேறு விதமாகக் கண்ணில் படும். நமக்கு எதிராக எழுதப்பட்ட அந்தச் சீட்டைக் கடவுள் அழித்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறார் நிருபகாரர். சீட்டைக் கிழிக்க வருபவர் அந்தக் கட்டுக்குள் தாமும் பிறந்தவராக இருக்க வேண்டுமா, கட்டுக்கு வெளியே நிற்பவராக இருக்க வேண்டுமா? வெளியே நின்றால் அவர் நம்மில் ஒருவர் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டால் அவரையே இன்னொருவர் விடுவிக்க வேண்டும். கிறிஸ்துவின் மனித இயல்பைப் பற்றிய புதுக் காலச் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் நடக்கின்றன.

லண்டனில் பெருங்கூட்டம் சேர்த்த ஸ்காட்லாந்துப் போதகர் எட்வர்ட் இர்விங், வீழ்ந்துபோன நம் சதையையே கிறிஸ்து எடுத்துக்கொண்டார், தூய ஆவியின் வல்லமையால் அதில் பாவமின்றி வாழ்ந்தார் என்று போதித்தார். கிறிஸ்துவைப் பாவி ஆக்குகிறார் என்று குற்றம் சாட்டி, 1833இல் அவர் பிறந்த ஊரான ஆனனிலேயே அவருடைய பதவியைப் பறித்தார்கள். மறு ஆண்டே, 42ஆவது வயதில், இறந்துபோனார். ஒரு நூற்றாண்டு கழித்து சுவிட்சர்லாந்தின் இறையியலாளர் கார்ல் பார்த் ஏறத்தாழ இதையே எழுதினார். இப்போது யாரும் பதவியைப் பறிக்கவில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையிலோ, 1957இல் அமெரிக்காவில் வெளியான ஒரு விளக்க நூல் கிறிஸ்துவின் இயல்பை வீழ்ச்சிக்கு முந்தைய ஆதாமோடு சேர்த்துப் பேசியதும் கிளம்பிய சண்டை இன்னும் ஓயவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தன் பாணியில் எடுத்தவர் வி. சக்கரைச் செட்டியார். 1880இல் சென்னையில் பிறந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1903இல் ஞானஸ்நானம் பெற்று, கொஞ்ச காலம் வக்கீலாக இருந்து, 1913இல் டேனிஷ் மிஷனில் ஊழியராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் சென்னை மேயர், தொழிற்சங்கத் தலைவர். அவர் சேர்ந்த டேனிஷ் மிஷன் தென்னார்க்காட்டில், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில், வேரூன்றியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லூத்தரன் திருச்சபை. அந்த வேரை நட்ட கதையே பாவத்தைப் பற்றிய ஒரு சண்டைதான். ஜெர்மானியரான கார்ல் ஓக்ஸ் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர். சபைக்குள் சாதி வழக்கங்களை அந்த மிஷன் பொறுத்துக்கொண்டது. திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோன அதன் தலைவர் கார்ல் கிரவுல் அதற்கு ஆதரவாக வாதாடினார். ஓக்ஸ் ஒப்பவில்லை. விலகிவந்து 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது.

சக்கரையார் இயேசுவை அவதாரம் என்றே அழைத்தார். திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்கு அவதாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். குள்ளச் சிறுவனாக வந்தவர் மூவடி மண் கேட்டு, வானளாவ வளர்ந்து, காலைத் தூக்கி நிற்கிறார். வாமன உருவம் வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறது. இயேசுவில் நடந்தது வேறு என்றார் சக்கரையார்: எடுத்த மனித இயல்பு திரும்பக் கழற்றப்படவில்லை, அது நிலையானது. இயேசுவின் பாவமின்மைக்கு அவர் தந்த விளக்கமும் தமிழ் மண்ணுக்கு நெருக்கமானது. வரலாறு அறிந்தவர்களிலேயே 'நான்' என்ற முனைப்பு அறவே அற்றவர் இயேசு. அதனாலேயே எல்லோருக்கும் பொதுவானவர் என்றார்.

முனைப்பு என்றதும் சைவ சித்தாந்தம் நினைவுக்கு வருவது இயல்பு. உயிரைப் பிடித்த மலங்களில் மூலமானது ஆணவம். செம்பில் களிம்பு போல அது தொடக்கமில்லாமலே உயிரோடு இருக்கிறது. இறைவனோ மலமற்றவன், கருப்பைக்குள் வராதவன். நோயைக் கண்டுபிடிப்பதில் இரு மரபுகளும் அருகருகே நிற்கின்றன. பிரிவது இரண்டு இடங்களில். கிறிஸ்தவம் பாவத்தைத் தொடக்கமற்றது என்று ஒப்பாது. படைப்பு நல்லது, கேடு பின்னால் வந்தது. அந்தக் கேட்டைத் தீர்க்கக் கடவுளே கருப்பைக்குள் வந்தார் என்பது இரண்டாவது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பாவம் என்பது தனி ஒருவனின் கணக்குப் புத்தகமாகவே பலர் மனத்தில் நிற்கும். அந்தப் புத்தகத்தைக் கள்ளக்குறிச்சி 2024 ஜூனில் மூடிவைக்க வேண்டியதாயிற்று. கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் கலந்திருந்த மெத்தனால் உடலுக்குள் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம் கண் நரம்பைக் கெடுக்கும். பிழைத்தவர்கள் சிலருக்குப் பார்வை மங்கியது.

அப்போது நாடெங்கும் கேட்ட முதல் கேள்வி: குடித்தது யார் தப்பு? யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடரைப் பார்த்துச் சீடர்கள் கேட்பதும் இதே ரகம்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? இயேசு இரண்டையும் மறுக்கிறார். லூக்கா நற்செய்தியில் சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை அவரே எடுத்துப் பேசுகிறார். செத்தவர்கள் ஊரிலேயே பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, விரலைக் கேட்பவர்கள் பக்கமே திருப்புகிறார். ஒரு பாக்கெட் சாராயம் கைக்கு வருவதற்குள் மெத்தனாலை வாங்கியவர், விற்றவர், கடத்தியவர், கலந்தவர், தெரிந்தும் பார்க்காததுபோல் இருந்தவர் என்று எத்தனை கை மாறுகிறது! குடித்தவர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அமைப்புகளுக்குள்ளேயே பாவம் குடியிருக்கிறது என்று 1968இல் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் பேசத் தொடங்கினார்கள். 1987இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதைச் சுற்றுமடலிலேயே எழுதினார்.

இந்தச் சங்கிலிக்கு நடுவில் பாவமில்லாத ஒருவர் எங்கே நிற்பார்? யோர்தான் ஆற்றங்கரையைப் பார்த்தால் தெரியும். யோவான் கொடுத்தது மனம் திரும்புகிறவர்களுக்கான ஞானஸ்நானம். ஆயக்காரர்களும் போர்ச்சேவகர்களும் வந்து இறங்கிய அதே தண்ணீரில் இறங்க இயேசுவும் வந்து நிற்கிறார். மத்தேயுவின்படி யோவானே தடுத்துப் பார்க்கிறார். பாவமில்லாதவருக்கு அங்கே என்ன வேலை? தனக்குக் கறை இல்லை என்று நிரூபிக்கக் கரையில் ஒதுங்கி நிற்பதே பாவமின்மை என்று நினைப்பவருக்கு இந்தக் காட்சி பிடிபடாது. பாவிகளோடு ஒரே தண்ணீரில் நிற்க அவருக்குக் கூச்சமில்லை. மார்ட்டின் லூத்தர் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய உரையில் இதைக் கேட்பவர் திடுக்கிடும் அளவுக்குக் கொண்டுபோனார்: பேதுருவின் மறுதலிப்பு, பவுலின் கொடுமை, தாவீதின் விபசாரம் அத்தனையையும் தன் தலையில் ஏற்றுக்கொண்ட கிறிஸ்துவை அவர் உலகின் மிகப் பெரிய பாவியாகவே வருணிக்கிறார். செய்யாத பாவத்தைச் சுமந்ததைத்தான் அவர் சொன்னார், செய்ததாகச் சொல்லவில்லை.

எந்த மனித இயல்பு என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்து வந்த கூர்மையான பதில் ஏ. பி. நிர்மலுடையது. 1980களில் தலித் இறையியலுக்கு வடிவம் கொடுத்தவர், சென்னைக் குருகுலம் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென்றே அமைந்த துறைக்குத் தலைமை வகித்தவர். பொதுவான 'மனித இயல்பு' என்று ஒன்று எங்கும் பிறப்பதில்லை. ஒரு குலத்தில், ஒரு ஊரில், ஒரு தாயின் வயிற்றில்தான் மனிதர் பிறக்கிறார். மத்தேயுவின் முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் தாமார், ராகாப் போன்ற பெயர்கள் வருவதை நிர்மல் சுட்டிக்காட்டினார். குலப்பெருமை பேசுகிறவர்கள் வெட்டி எறியக்கூடிய பெயர்கள் அவை. தள்ளப்பட்டவராக, அவமதிக்கப்பட்டவராக வாழ்ந்த இயேசு தலித் என்றே அவர் வாதிட்டார். கிரகோரியாரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் நிர்மலின் வாதம் புதுமையில்லை: தீண்டப்படாதவரின் வாழ்வைக் கிறிஸ்து தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வாழ்வுக்கு மீட்பும் இல்லை.

இதை உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் எறையூரை நினைக்காமல் பேச முடியாது. பெரிய கத்தோலிக்க ஊர். 2008 மார்ச்சில், பங்குக் கோயிலில் சமமாக நடத்தப்படாத தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி வழிபடுகிறவர்கள்தான்.

பிறப்பிலேயே ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்பது கல்செதோன் தள்ளிய அதே கருத்தின் ஊர்க்கோலம்தான். சாதி, கேட்டை இயல்பு என்கிறது. பிறந்த உடம்பிலேயே கறை இருக்கிறது என்கிறது. பாவம் மனித இயல்பின் பாகமில்லை, அந்த இயல்பைக் கிறிஸ்து மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபை, எந்த மனிதப் பிறப்பையும் கறை என்று நடத்த முடியாது. நடத்தினால் அது ஒழுக்கக் குறை என்பதோடு நிற்காது, கிறிஸ்துவைப் பற்றிய தப்பறையும் ஆகிவிடும்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை ஊர் மட்டத்தில் சோதித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல், சவ ஊர்வலம் எந்தத் தெருவழியே போகிறது, தேர் இழுக்க யார் யார் கூப்பிடப்படுகிறார்கள், பீடத்தில் வாசகம் படிக்க யார் பெயர் பட்டியலில் வருகிறது என்பவை எண்ணிப் பார்க்கக்கூடிய விவரங்கள். தவக்காலத்திலும் லெந்து நாட்களிலும் தனி மனிதர்களின் பாவ அறிக்கையைக் கேட்கும் பங்குப் பேரவைகளும் சபைக் கமிட்டிகளும் இந்த விவரங்களையும் அதே கூட்டத்தில் எடுத்துவைத்துப் பேசத் தொடங்கலாம்.